வயதான பூனைக்குச் சர்க்கரை நோயா? முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

சென்னை வீடுகளில் சர்க்கரை நோயைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தாத்தாவின் இன்சுலின் ஃபிரிட்ஜில் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். அத்தையின் மாத்திரை டப்பாவில் கிழமைவாரியாக அறை பிரித்திருக்கும். பூனைக்கும் அதே நோய் என்று மருத்துவர் சொல்லும்போது இந்த அனுபவம் பாதி கைகொடுக்கும், மீதிப் பாதி காலை வாரிவிடும். ஊசி பிடித்துப் பழகிய கை வீட்டில் இருப்பது பெரிய வரம். ஆனால் ஒரு வேளை பட்டினி போடலாம், பாகற்காய்ச் சாறு கொடுக்கலாம், தாத்தாவின் மாத்திரையில் கால் பங்கு உடைத்துப் போடலாம் என்ற யோசனைகளும் அதே கூடத்திலிருந்துதான் கிளம்பும். மூன்றையும் வாசலோடு நிறுத்திவிடுங்கள். குறிப்பாகப் பட்டினி. ஓரிரு நாள் சாப்பிடாத பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்து, அதுவே உயிருக்கு உலை வைக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பூனைக்கு ஏறிய சர்க்கரை வாரக்கணக்கில் கெடுதல் செய்யும். அளவுக்கு மீறி இறங்கிய சர்க்கரை சில மணி நேரத்தில் ஆளையே கொண்டுபோய்விடும். ஆகவே முதல் மாதத்தில் அழகான எண்களைத் துரத்த வேண்டாம். ஒரே நேரம், ஒரே உணவு, ஒரே அளவு மருந்து என்று நாள்கள் சீராக ஓடினால் போதும். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

நோய் உறுதிதானா?

தண்ணீர்க் கிண்ணம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாகும். மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் எலுமிச்சை அளவிலிருந்து ஆரஞ்சு அளவுக்குப் பெருக்கும். நன்றாகச் சாப்பிட்டும் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும். எங்கள் வீட்டுக் கிழட்டுக் கடுவனிடம் இவற்றையெல்லாம் வயோதிகம் என்றே எடுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. மணல் தட்டின் விளிம்பில் ஏறி இறங்கிய சிற்றெறும்புச் சாரைதான் விஷயத்தைச் சொன்னது. சில பூனைகள் பின்னங்கால்களின் குதியைத் தரையில் பதித்துத் தளர்ந்து நடக்கும். நேற்றுவரை ஏறிய மதிலை இன்று நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அது சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டதன் அடையாளம். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் சில மாதங்களில் பெரும்பாலும் தேறிவிடும்.

ஒரே ஒரு இரத்தப் பரிசோதனையை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. நலமான பூனைக்கு இரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 70 முதல் 150 வரை இருக்கும். ஆனால் பயந்த பூனைக்கு நோயே இல்லாமல் 300-ஐத் தாண்டுவதும் உண்டு. தாம்பரத்திலிருந்து ஆட்டோவில் கூடைக்குள் அலறிக்கொண்டே வந்து, நாய்கள் குரைக்கும் வரிசையில் காத்திருந்த பூனையின் இரத்தம் வேறு எதைக் காட்டும்? இதற்காகவே ஃபிரக்டோசமைன் என்றொரு பரிசோதனை இருக்கிறது. அது கடந்த ஓரிரு வாரங்களின் சராசரியைக் காட்டும். அன்றைய பயம் அதை அசைக்காது. சிறுநீரிலும் சர்க்கரை வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வயதான பூனை என்பதால் சிறுநீரகம், தைராய்டு, பற்கள் ஆகியவற்றையும் அதே மூச்சில் பார்த்துவிடுவது நல்லது. அழுகிய பல், சிறுநீர்த் தொற்று, கணைய அழற்சி இவற்றில் ஒன்று ஒளிந்திருந்தாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாது.

தோல் அரிப்புக்கோ இளைப்புக்கோ பூனைக்கு அண்மையில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சர்க்கரையைக் கிளப்பிவிட்டதே அதுவாக இருக்கலாம். நீங்களாக அதை நிறுத்தவும் வேண்டாம்.

எங்கே போவது? 1903-இல் தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. ஆய்வக வசதியும் துறை வல்லுநர்களும் ஒரே வளாகத்தில் கிடைப்பார்கள். கூட்டமும் அதற்கேற்ப இருக்கும் என்பதால் நேரத்தை விசாரித்துவிட்டு, காலையிலேயே போங்கள். கூடையைத் துணியால் மூடி எடுத்துச் சென்றால் பூனை ஓரளவு அடங்கும். நோயை உறுதிசெய்யப் பெரிய மருத்துவமனை சரி. ஆனால் அடுத்த மூன்று மாதங்களுக்கு உங்களுக்குத் தேவைப்படுவது, தொலைபேசியை எடுத்துப் பேசும் பக்கத்துத் தெரு மருத்துவர். பட்டங்களைவிட அந்தக் குணத்துக்கே நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

இன்சுலினும் சிரிஞ்சும்: இங்கேதான் நிதானம் வேண்டும்

பூனைகளுக்குப் பெரும்பாலும் கிளார்ஜின் என்ற நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினையே மருத்துவர்கள் எழுதுகிறார்கள். மனிதர்களுக்கான மருந்துதான், எந்தப் பெரிய மருந்துக்கடையிலும் கிடைக்கும். விலங்குகளுக்கென்றே தயாரிக்கப்படும் கேனின்சுலின் போன்றவையும் உண்டு. தொடக்க அளவு பல பூனைகளுக்கு 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 1 யூனிட் என்ற அளவில்தான் இருக்கும். தாத்தா 20 யூனிட் போட்டுக்கொள்கிறாரே என்று ஒப்பிட வேண்டாம். அளவை ஏற்றுவதும் இறக்குவதும் மருத்துவரின் வேலை.

இந்தியாவில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. இங்கே இரண்டு செறிவுகளில் இன்சுலின் விற்கிறது. மனிதர்களுக்கான பழைய வகைக் குப்பிகள் பலவற்றில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். கிளார்ஜினில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் அதன்படி இரண்டு வகை: 40-க்கு உரியதற்குச் சிவப்பு மூடி, 100-க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. கடையில் அவசரத்தில் சிவப்பு மூடிச் சிரிஞ்சைக் கொடுத்து, அதில் நீங்கள் கிளார்ஜினை 1 என்ற கோடுவரை இழுத்தால் பூனைக்குப் போவது 1 யூனிட் இல்லை, இரண்டரை யூனிட். ஐந்து கிலோ பூனைக்கு அது விளையாட்டல்ல. மூடியின் நிறத்தை மட்டும் நம்பாமல், சிரிஞ்சின் மேல் அச்சிட்ட எண்ணும் குப்பியின் மேல் அச்சிட்ட எண்ணும் ஒன்றுதானா என்று கடையிலேயே நின்று பாருங்கள். தாத்தாவின் சிரிஞ்சைப் பூனைக்குக் கடன் வாங்கும் பேச்சே வேண்டாம்.

100 வகையில் 30 யூனிட் மட்டும் கொள்ளும் சிறிய சிரிஞ்சு கிடைத்தால் அதையே வாங்குங்கள். கோடுகள் விலகி இருக்கும், கண்ணுக்குப் பிடிபடும். அரை யூனிட் கோடு போட்டது கிடைத்தால் விடாதீர்கள்.

கிளார்ஜின் 10 மில்லிக் குப்பியில் 1,000 யூனிட் இருக்கும். ஒரு நாளைக்கு 2 யூனிட் செலவாகும் பூனைக்கு அது ஆண்டுக்கணக்கில் தீராது. அதற்கு முன்பே மருந்து வீரியம் இழந்துவிடும். இன்சுலின் பேனாவுக்குள் மாட்டும் 3 மில்லிக் கார்ட்ரிஜ் வாங்கினால் 300 யூனிட், பணமும் மிச்சம். அதன் ரப்பர் முனையிலிருந்து சிரிஞ்சால் இழுத்துப் போடுபவர்கள் அதைத் திரும்பப் பேனாவில் மாட்டக்கூடாது. காற்று புகுந்து அளவு தப்பும். திறந்த பிறகு 28 நாள் என்று மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் குறிப்புத்தாள் சொல்கிறது. ஃபிரிட்ஜிலேயே வைத்தால் எத்தனை நாள் பயன்படுத்தலாம் என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கிளார்ஜின் தண்ணீர்போலத் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கினால் குப்பைக்குத்தான். அதை எதனோடும் கலக்கவோ நீர்க்கச் செய்யவோ கூடாது.

ஊசிக்குப் பதில் மாத்திரை உண்டாமே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கும், 2023-இல் வெலாகிளிஃப்ளோசின் என்ற வாய்வழித் திரவத்துக்கும் பூனைகளுக்காக ஒப்புதல் கிடைத்தது. அவை இதற்கு முன் இன்சுலின் போடாத, மற்றபடி நலமாக இருக்கும் பூனைகளுக்கானவை. சர்க்கரை எண் சரியாக இருக்கும்போதே இரத்தத்தில் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் சேரும் அமிலப் பொருள்) ஏறிவிடும் அபாயம் அவற்றுக்கு உண்டு. அதே குடும்பத்து மனித மாத்திரையை வீட்டில் உடைத்துக் கொடுப்பது தற்கொலைக்குச் சமம், அதுவும் பூனையின் சார்பில்.

ஊசி போடும் முறை

முதலில் உணவு, பிறகு ஊசி. கிண்ணத்தில் பாதியாவது சாப்பிட்டுவிட்டதா என்று பார்த்த பிறகே சிரிஞ்சை எடுங்கள். சாப்பிடவே இல்லை என்றாலோ வாந்தி எடுத்தாலோ முழு அளவைப் போடாமல் மருத்துவரிடம் பேசுங்கள்.

பூனை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போடுவது எளிது. விலாப்பக்கத்தில் தோலைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் மெல்லத் தூக்கினால் ஒரு சிறு கூடாரம் உண்டாகும். அதன் அடிவாரத்தில், முடியைக் கொஞ்சம் விலக்கி, ஊசியைச் சாய்வாக உள்ளே செலுத்துங்கள். கூடாரத்தின் மறுபக்கம் ஊசி வெளியே வந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. அப்போது முடி நனைந்திருக்கும், இன்சுலினின் மருந்து வாடை விரலில் ஒட்டும். பிடரியைவிட விலாவும் இடுப்பின் பக்கமும் மேல். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தாமல் இடம் மாற்றிக்கொண்டே வாருங்கள். இந்த ஊசி மிக மெல்லியது. பல பூனைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நடுங்குவது பெரும்பாலும் நம் கைதான். முதலில் உப்புத்தண்ணீரும் ஆரஞ்சுப் பழமும் வைத்துப் பழகிக்கொள்ளலாம்.

மருந்து உள்ளே போனதா, முடியில் வழிந்ததா என்று சந்தேகம் வந்தால் இன்னொரு முறை போடாதீர்கள். அடுத்த வேளை வரை பொறுங்கள். ஒரு வேளை தவறினால் வானம் இடிந்து விழாது. இரண்டு வேளை ஒன்றாகப் போனால் விழும். வீட்டில் இருவர் ஊசி போடுகிறீர்கள் என்றால் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, போட்டவுடன் நேரத்தை எழுதி வையுங்கள். “நீ போட்டாயா, நான் போட்டேனா” என்ற குழப்பத்துக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. காலை 7, மாலை 7 என்று வைத்துக்கொண்டால் அலுவலகம் போகிறவர்களுக்கும் ஒத்துவரும். அரை மணி முன்பின் ஆனால் குடி முழுகிவிடாது.

பயன்படுத்திய சிரிஞ்சைக் குப்பைத்தொட்டியில் அப்படியே போடாதீர்கள். தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, இறுக மூடி, மேலே எழுதித் தனியாகக் கொடுங்கள். குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலில் அது ஏறக்கூடாது.

உணவு

தயிர் சாதம், பால் சாதம், மீன் குழம்பில் பிசைந்த சோறு எல்லாம் முடிந்தது. பூனையின் உடல் மாமிசத்தில் வாழப் படைக்கப்பட்டது. சோற்றின் மாவுச்சத்தைச் சமாளிக்கும் திறன் அதற்குக் குறைவு. புரதம் மிகுந்த, மாவுச்சத்து குறைந்த உணவே மருந்தில் பாதி.

கடையில் விற்கும் உலர் தீவனத்தின் பையில் மாவுச்சத்து எவ்வளவு என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. நீங்களே கணக்குப் போடலாம். புரதம் 32, கொழுப்பு 12, நார்ச்சத்து 4, ஈரப்பதம் 10 என்று எழுதியிருந்தால், சாம்பல்சத்துக்கு (தாது உப்புகளுக்கு) உத்தேசமாக 8 சேர்த்து மொத்தம் 66. நூறில் மீதி 34 மாவுச்சத்து. சர்க்கரைப் பூனைக்கு இது மிக அதிகம். ஈர உணவில் புரதம் 10, கொழுப்பு 5, நார்ச்சத்து 1, சாம்பல் 2, ஈரப்பதம் 80 என்றால் மீதி 2தான். நீரை நீக்கிப் பார்த்தாலும் பத்து சதவீதத்தைத் தாண்டாது. டின்னிலோ பாக்கெட்டிலோ வரும் ஈர உணவு இதனால்தான் பெரும்பாலும் நல்ல தேர்வு. குழம்பு வடிவில் வருபவற்றில் மாவு சேர்த்திருப்பார்கள். கூழ் வடிவத்தையே தேடுங்கள்.

வீட்டில் வேகவைத்த கோழி நல்லதுதான், ஆனால் அது மட்டுமே முழு உணவாகாது. டாரின் என்ற அமினோ அமிலம், கால்சியம் எல்லாம் குறைந்துபோகும். மருத்துவர் சொல்லும் சேர்க்கையோடுதான் அந்த வழியில் போக வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு. காசிமேட்டிலிருந்து வந்த மத்தியாக இருந்தாலும் குழம்பில் போட்டால் கொடுக்கக்கூடாது. சிறுநீரகமும் கெட்டிருந்தால் புரதம், பாஸ்பரஸ் கணக்கு மாறும். அங்கே மருத்துவர் சொல்வதே சட்டம்.

உணவை மாற்றும்போது இன்சுலின் அளவும் மாற வேண்டியிருக்கலாம். சோற்றை நிறுத்திய வாரத்திலேயே சர்க்கரை சடாரென்று இறங்குவது உண்டு. மருத்துவருக்குச் சொல்லாமல் உணவை மாற்றாதீர்கள். குண்டுப் பூனையை இளைக்க வைப்பதும் மெதுவாகத்தான்: வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் அளவு போதும்.

நம் ஊரில் கடினமானது வேறு. அடுக்குமாடிக் குடியிருப்பில் நம் பூனைக்கு மூன்று பெயர், நான்கு சாப்பாட்டுக் கிண்ணம். இரண்டாம் மாடிப் பாட்டி தினமும் மத்தியானம் பால் சாதம் வைப்பார். அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. “பாட்டி, இவனுக்கு உங்களைப் போலவே சர்க்கரை” என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த நாள் முதல் காவல்காரரையும் சேர்த்து அவரே கண்காணிப்பார். முடிந்தால் பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை தாழ்ந்தால்

தள்ளாட்டம், வெறித்த பார்வை, திடீர்ப் பசி, நடுக்கம், கடைசியில் வலிப்பு அல்லது மயக்கம். வீட்டுக் குளுக்கோமீட்டர் 60-க்குக் கீழே காட்டினால், அறிகுறி இல்லாவிட்டாலும் உடனே செயல்படுங்கள்.

நினைவோடு இருந்தால் முதலில் சாப்பாடு. சாப்பிட மறுத்தால் தேனையோ, குளுக்கோஸ் பொடியைச் சில துளித் தண்ணீரில் குழைத்ததையோ ஈறில் தடவுங்கள். வலிப்பு வந்திருக்கும்போது வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும்; பற்களுக்கு நடுவே விரலையும் விடக்கூடாது. உதட்டை ஓரமாகத் தூக்கி, வெளி ஈறில் மட்டும் தேய்த்துவிட்டு ஆட்டோவை அழையுங்கள். கண்விழித்துச் சாப்பிட்டாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். உடலில் இன்சுலின் இன்னும் மணிக்கணக்கில் வேலை செய்துகொண்டிருக்கும். அவரிடம் பேசாமல் அடுத்த ஊசி கிடையாது. தேன் பாட்டிலும், இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணும் இன்றைக்கே தயாராக இருக்கட்டும்.

வீட்டில் அளப்பது

மனிதர்களுக்கான குளுக்கோமீட்டரே பலருக்கும் போதும். பூனை இரத்தத்தில் அது உண்மையான அளவைவிடக் குறைத்தே காட்டும் என்பதை மறக்காதீர்கள். பூனைக்கென்று உருவான கருவியின் எண்ணும் இதன் எண்ணும் ஒத்துப்போகாது. ஒரே கருவியைத் தொடர்ந்து பயன்படுத்தி, எது என்று மருத்துவருக்கும் சொல்லிவிடுங்கள்.

காதின் விளிம்பில் ஒரு இரத்தக்குழாய் ஓடும். வெதுவெதுப்பான துணியைச் சிறிது நேரம் ஒற்றினால் அது தடித்துத் தெரியும். விளிம்பில் மிக மெல்லியதாக வாசலின் தடவினால் இரத்தம் முடிக்குள் பரவாமல் முத்தாக நிற்கும். காதுக்குப் பின்னால் பஞ்சை வைத்துக் குத்துங்கள். துளி எடுத்ததும் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். கையோடு ஒரு துண்டு கோழி. இந்தக் கடைசி வரியைத் தவறவிடுபவர்களின் பூனைகள்தான் பீரோவின் அடியில் போய் உட்கார்ந்துகொள்கின்றன.

மருத்துவர் கேட்டால் ஒரு நாள் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அளந்து வரைபடமாகக் கொடுக்க வேண்டியிருக்கும். அன்றைய மிகத் தாழ்ந்த எண் 80-க்கும் 150-க்கும் இடையில் இருந்தால் பொதுவாகத் திருப்தி. தோலில் ஒட்டித் தொடர்ந்து அளக்கும் சென்சார்களைப் பூனைகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். காது கொடுக்காத பூனைக்கு அவை வரப்பிரசாதம். ஒரு நாள் எண் உயர்ந்தது என்று மறுநாளே அளவைக் கூட்டக்கூடாது. ஒரு வாரமாவது பொறுத்துத்தான் மருத்துவர்கள் மாற்றுவார்கள்.

தண்ணீர் குடிக்கும் அளவு, சிறுநீர்க் கட்டிகளின் பருமன், வாரம் ஒரு முறை எடை: இந்த மூன்றையும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய அதே தாளில் குறித்து வாருங்கள். எண்களைவிட இவை பல நேரம் நேர்மையாகப் பேசும்.

கத்திரி வெயில், புயல், தீபாவளி

இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். கதவில் சூடு ஏறி இறங்கும், உறைபெட்டிக்கு அருகில் உறைந்துபோகும். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. மே மாதத்தில் மின்சாரம் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டாலே சில மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் நீண்டால் ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் இன்னொரு சிறு பானை வைத்து அதில் போடலாம். பனிக்கட்டி என்றால் துணி சுற்றாமல் மருந்தோடு படவிடாதீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரமும் இல்லை, வெளியே போக வழியும் இல்லை. அக்டோபர் பிறந்ததும் ஒரு கார்ட்ரிஜ், சிரிஞ்சுகள், இரண்டு வாரத்து ஈர உணவு ஆகியவற்றைக் கூடுதலாக வாங்கி வையுங்கள். தரைத்தள வீடு என்றால் அவற்றை மேல் தட்டில் வையுங்கள்.

தீபாவளியன்று மாலை ஊசி நேரத்தில் பூனை எங்கே பதுங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. வெடிச்சத்தம் வலுக்கும் முன்பே ஒரு அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால், ஊசி போடத் தெரிந்த ஒருவரை மார்கழியிலேயே பழக்கிவிட வேண்டும். “மனிதனுக்கே ஊசி போட ஆள் இல்லை, பூனைக்கா?” என்று சிரிக்கும் உறவினரைவிட, பத்தாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் நிதானமாகப் போடுவாள், பெரியவர் ஒருவர் உடன் இருந்தால் போதும்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

சாப்பிடாமல் சுருண்டு கிடப்பது, தொடர்ந்த வாந்தி, வேகமான மூச்சு, வாயில் நகப்பூச்சு அகற்றும் திரவத்தின் வாடை: இவை கீட்டோன் ஏறியதன் அறிகுறிகள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக்கூடாத நிலை இது. சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டைகள் மருந்துக்கடையில் கிடைக்கும். பூனை குந்தும்போது நீளக் கைப்பிடிக் கரண்டியைப் பின்னால் நீட்டினால் போதும். அந்தக் கரண்டி அதற்குப் பிறகு சமையலறைக்குத் திரும்பக்கூடாது.

இன்சுலின் இல்லாமல் போகும் நாள்

மனிதர்களின் சர்க்கரையிலிருந்து பூனை விலகிப்போகும் நல்ல இடம் இது. நோய் தெரிந்த தொடக்க மாதங்களிலேயே இன்சுலினும் மாவுச்சத்துக் குறைந்த உணவும் சீராகப் போனால், கணிசமான பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாத நிலை வருகிறது. தாழ்ந்த எண்கள் அடிக்கடி தெரிந்தால் மருத்துவர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவார். நிறுத்திய பிறகும் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பக்கூடாது. காது குத்தி அளப்பதை வாரம் ஒரு முறையாவது தொடருங்கள். ஸ்டீராய்டு எழுதப்போகும் எந்த மருத்துவரிடமும் இந்தப் பூனைக்குச் சர்க்கரை இருந்தது என்று சொல்லிவிடுங்கள். சிலவற்றுக்கு நோய் திரும்பவும் வரும். தண்ணீர்க் கிண்ணம் மறுபடி சீக்கிரம் காலியானால் பழைய அளவை நீங்களே தொடங்காமல், எண்களைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.